டைனி டிம்மின் ஊன்றுகோலும் ஜென்னி ரென்னின் கூலியும்

டைனி டிம்மின் அப்பா ஒரு குமாஸ்தா. வாரத்துக்குப் 15 ஷில்லிங் சம்பளம். 1843-ல் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' இந்தத் தொகையை ஒளிக்காமல் சொல்கிறது. கிறிஸ்துமஸ் வாத்து எத்தனை பேருக்குப் போதுமானதாக இருந்தது, புட்டிங் எதில் வெந்தது என்பதெல்லாம்கூட அதில் உண்டு. ஆனால் டிம்மின் கால்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை யார் செய்துகொடுத்தார்கள், என்ன விலை, பையன் வளர வளர அதை யார் மாற்றுவார்கள் என்பது இல்லை. ஊன்றுகோல் இருக்கிறது. அது கதை முழுக்க ஒரு சின்னமாகவே இருக்கிறது. கையில் பிடித்துப் பிடித்து மழமழத்துப்போன ஒரு மரத்துண்டாக ஒரு வரியில்கூட ஆவதில்லை. நானும் ஒரு குமாஸ்தாதான். பிறர் பணத்தை எண்ணிப் பிழைப்பவனுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் எழுவது தொழில் தோஷமாக இருக்கலாம். என்றாலும், நாவலில் ஊனமுற்றவரின் அன்றாடம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடைக்கவில்லை.

டிம்மை நாம் எங்கே பார்க்கிறோம்? அப்பாவின் தோளில். கணப்பின் ஓரத்தில். பிறகு ஒரு தரிசனத்தில், இறந்துபோனவனாக. திங்கட்கிழமை காலையில் அவன் என்ன செய்கிறான்? தெரியாது. கோவிலில் தன்னைப் பார்ப்பவர்களுக்கு, முடவர்களை நடக்கச் செய்த இயேசுவின் நினைவு வரும், அது அவர்களுக்கு நல்லது என்று அவனே அப்பாவிடம் சொல்கிறான். தன் உடம்பு பிறருடைய பக்திக்கு உபயோகப்படட்டும் என்று ஒரு சிறுவன் நினைப்பதாக எழுதிய இடத்தில் டிக்கன்ஸுக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊனம் கதைக்குள் வருவது வேறு. ஊனமுற்றவனின் ஒரு நாள் கதைக்குள் வருவது வேறு. முன்னதற்கு இலக்கியத்தில் பஞ்சமே இருந்ததில்லை.

இதற்கு ஒரு சரித்திரப் பின்புலம் உண்டு. 1834-ல் இங்கிலாந்தில் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. உடம்பில் தெம்புள்ளவன் உதவி கேட்டால் அநாதை விடுதிக்குள் போயாக வேண்டும், அங்குள்ள வாழ்க்கை வெளியே உள்ள கடைநிலைக் கூலிக்காரன் வாழ்க்கையைவிடக் கீழாக இருக்கவேண்டும் என்பது அதன் தர்க்கம். முதியோர், நோயாளிகள், ஊனமுற்றோர் ஆகியோருக்காக அந்தக் கடுமை வகுக்கப்படவில்லை. ஆனாலும் அவர்களில் எத்தனையோ பேர் அதே கட்டடத்துக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்களுக்குத் தனியார் தர்மம். தர்மம் வாங்குகிறவன் தகுதியானவன் என்று நிரூபிக்கவேண்டும்: சாதுவாக, நன்றியுள்ளவனாக, முடிந்தால் அழகாக. டிம்மின் சுபாவத்தை டிக்கன்ஸ் மட்டும் சிருஷ்டிக்கவில்லை. நன்கொடைப் பட்டியல்களும் சேர்ந்து சிருஷ்டித்தன.

மேடை வேறொரு வழக்கத்தைத் தந்தது. 1802-ல் ஹோல்கிராஃப்ட்டின் 'எ டேல் ஆஃப் மிஸ்டரி' லண்டனில் நடிக்கப்பட்டதிலிருந்து, பேச முடியாத ஒரு பாத்திரம் மெலோடிராமாவின் நிரந்தரக் குடியாகிவிட்டது. அவன் ஊமை என்பதால் ரகசியம் காப்பாற்றப்படும். கைகளை வீசி நடிக்க நடிகனுக்கும் வாய்ப்பு. வால்டர் ஸ்காட் 1823-ல் எழுதிய 'பெவரில் ஆஃப் தி பீக்' நாவலில் வரும் ஃபெனெல்லா இன்னும் சௌகரியமானவள். அவள் காதுகேளாமையே வேஷம். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்தக் காலத்தில், நாவலுக்கு வெளியே, ஒரு நிஜமான ஆள் எழுதிக்கொண்டிருந்தார். ஜான் கிட்டோ. 1804-ல் பிளிமத்தில் பிறந்தவர். தகப்பன் கொத்தனார், குடிகாரர். 1817-ல், பன்னிரண்டு வயதில், தகப்பன் வேலை செய்த கூரைக்குப் பலகைக்கல் சுமந்துகொண்டு ஏணியில் ஏறிய கிட்டோ சுமார் 35 அடி உயரத்திலிருந்து விழுந்தார். பிழைத்தார், செவி போய்விட்டது. நினைவு திரும்பியபின் தான் படிக்கக் காத்திருந்த புத்தகத்தைக் கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள் வாயசைக்கிறார்கள், பதில் வரவில்லை. ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று அவர் எரிச்சலோடு கேட்க, ஒருவர் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார், அவருக்குக் காது போய்விட்டதென்று. கூரைக்குச் சுமந்ததும் அந்தக் கல், செய்தி வந்ததும் அந்தக் கல். இதை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் செயற்கை என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

1819-ல் கிட்டோ அநாதை விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கே செருப்புத் தைக்கக் கற்றார். பிறகு ஒரு பல் வைத்தியரின் ஆதரவு, மால்ட்டாவில் மிஷன் அச்சுக்கூடம், 1829-ல் பாக்தாத் பயணம், திரும்பி வந்தபின் 'பென்னி மேகஸி'னில் எழுதிப் பிழைப்பு, பைபிள் விளக்க நூல்கள். 1845-ல் 'தி லாஸ்ட் சென்ஸஸ்' என்ற நூலை எழுதினார். இழந்த புலன்களைப் பற்றி இரண்டு பாகங்கள். செவியைப் பற்றிய பாகம் அவருடைய சொந்த வாழ்க்கை. அதில் பரிதாபம் குறைவு, விவரம் அதிகம். தரை வழியாகக் காலுக்கு வரும் அதிர்வுகளை அவர் ஒரு ஆராய்ச்சியாளனைப்போல் வகை பிரிக்கிறார். லண்டன் தெருவில் பின்னால் வரும் வண்டி தெரியாமல் நடப்பது எப்படி என்று சொல்கிறார். தன் குரலே தனக்கு அந்நியமாகிப்போனதால் பேச்சையே ஏறக்குறைய விட்டுவிட்டதையும், ஒரு கப்பல் பயணத்தில் உடன் வந்த இருவர் அவர் விரல்பாஷை புரியாததுபோல் பாசாங்கு செய்து அவரைப் பேசவைத்ததையும் எழுதுகிறார். தன் குழந்தைகளின் மழலையைத் தான் கேட்டதே இல்லை என்று ஓரிடத்தில் சொல்கிறார். அது மற்றவர் துக்கம்போல் வந்து நம்மேல் விழுவதில்லை. அதை முன்வைக்கிறவர் அதற்கு உரியவர்.

வில்கி காலின்ஸ் இந்தப் புத்தகத்தைப் படித்தார். 1854-ல் வெளியான 'ஹைட் அண்ட் சீக்' நாவலில் மடோன்னா என்று அழைக்கப்படும் பெண் சர்க்கஸில் குதிரையிலிருந்து விழுந்து செவியை இழந்தவள். நாவலோடு சேர்த்த ஒரு குறிப்பில் காலின்ஸ் கிட்டோவுக்குத் தன் கடனை ஒப்புக்கொள்கிறார். காது கேளாத ஒருவரை உள்ளபடி எழுதும் முயற்சி ஆங்கிலப் புனைகதையில் முன்பு இருந்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்றும், ஃபெனெல்லா வெறும் வேஷக்காரி என்றும் சொல்கிறார். அந்தக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊனமுற்ற ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று ஒரு நாவலாசிரியன் அச்சில் சொல்வது அன்று அபூர்வம். இன்றும் ஒன்றும் மலிந்துவிடவில்லை.

கடன் வாங்கியது வீண்போகவில்லை. விழுந்தபின் அந்தக் குழந்தையின் குரல் கரகரத்துப்போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை அவளே விட்டுவிடுகிறாள். இது கிட்டோவின் அனுபவம். ஓர் இரவில் அவள் கையிலிருக்கும் மெழுகுவத்தியை ஒருவன் ஊதி அணைத்துவிடுகிறான். நமக்கு இருட்டு என்றால் ஒரு புலன் போகிறது, காது இருக்கிறது. அவளுக்கு உலகமே இல்லாமல் போகிறது. அவள் திகில் கதைக்குத் திருப்பம் தருவதற்காக வந்ததுதான். ஆனாலும் அது அவளுடைய உடம்பிலிருந்து வருகிறது. அதே வீட்டில் ஓவியன் பிளைத்தின் மனைவி முதுகெலும்பு நோயால் படுத்த படுக்கை. அவள் அறையை அழகான பொருள்களால் நிரப்புவதற்காக அவன் தனக்குப் பிடிக்காத, ஆனால் விற்கக்கூடிய படங்களை வரைகிறான். படுத்திருப்பவளின் அறைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஒருவன் கூலிவேலை செய்து கட்டுகிறான். டிம்மின் இரும்புச் சட்டத்துக்குக் கிடைக்காத கணக்கு இங்கே கிடைக்கிறது.

இவ்வளவு செய்த காலின்ஸ், கிட்டோவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டோ செருப்புத் தைத்தார், அச்சுக் கோத்தார், மனைவி மக்களோடு குடித்தனம் நடத்தினார். மடோன்னாவுக்குப் பிழைப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. அவள் விரும்பும் ஸாக் என்ற இளைஞன் அவளுக்கே ஒன்றுவிட்ட சகோதரன்முறை — அதே தகப்பனுக்கு வேறொரு தாயிடம் பிறந்தவன் — என்று நாவலின் ரகசியம் உடைகிறது. கதவு சாத்தப்பட்டது. காது கேளாத பெண்ணை ஒருவன் கட்டிக்கொள்வானா என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய சங்கடத்திலிருந்து கதைப் பின்னல் எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது.

டிக்கன்ஸுக்குத் திரும்புகிறேன். அவரிடம் பொம்மைக்குச் சட்டை தைக்கிறவர்கள் இரண்டு பேர். 1845-ல் வந்த 'தி கிரிக்கெட் ஆன் தி ஹார்த்' கதையில் பெர்த்தா. பார்வை இல்லாதவள். அவள் தகப்பன், தங்கள் வீடு அழகானது, முதலாளி நல்லவர் என்றெல்லாம் பொய் சொல்லி அவளைச் சுற்றி ஒரு உலகத்தைக் கட்டிவிடுகிறான். தினமும் அந்த வீட்டின் சுவர்களைத் தடவி நடமாடுகிறவளுக்கு, அந்தத் துணிகளைத் தொட்டுத் தைக்கிறவளுக்கு, வறுமை விரல் நுனிகளில் தெரியாதா? டிக்கன்ஸ் அதை யோசிக்கவில்லை. பெர்த்தாவின் வேலை ஒரு வாக்கியத்தில் முடிகிறது. ஏமாற்றப்படுவதுதான் அவளுக்குக் கதையில் கொடுத்த வேலை.

பத்தொன்பது வருஷம் கழித்து அதே தொழிலில் இன்னொருத்தி. 1864-65-ல் தொடராக வந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' நாவலின் ஜென்னி ரென். முதுகு வளைந்தவள், கால்களில் வலுவில்லை, ஊன்றுகோல் உண்டு. இவளை நான் சும்மா கடந்துபோக முடியாது. ஆங்கில நாவலில் ஊனமுற்றவரின் ஒரு வேலைநாள் முழுதாக வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். துணிக் கழிவுகளை ஒரு கணக்குப் பார்த்து வாங்குகிறாள். சீமாட்டிகள் வண்டியிலிருந்து இறங்கும் இடங்களில் கூட்டத்தில் இடிபட்டு நின்று அவர்கள் உடையைக் கண்ணால் அளவெடுக்கிறாள். வீட்டுக்கு ஓடி வெட்டுகிறாள். மறுபடி வந்து சரிபார்க்கிறாள். தான் ஒரு பொம்மைக்கு மாதிரியாக நின்றோம் என்று அந்தச் சீமாட்டிக்குத் தெரியாது. ஊனமுற்றவரைத்தான் எல்லோரும் முறைத்துப் பார்ப்பது வழக்கம். இங்கே பார்வை திரும்பிவிட்டது, அதிலிருந்து கூலியும் வருகிறது.

அவள் சாதுவும் அல்ல. தெருவில் கேலி செய்யும் பிள்ளைகளை மாதாகோவிலின் கீழ் நிலவறையில் பூட்டிச் சாவித்துவாரம் வழியாக மிளகுப்பொடி ஊதவேண்டும் என்கிறாள். குடிகாரத் தகப்பனைக் கெட்ட பிள்ளையாக வைத்துத் திட்டுகிறாள். அந்தத் திட்டில் கொடுமையும் உண்டு. அவன் செத்தபோது சவ அடக்கச் செலவுக்காகப் பாதிரியார் பொம்மை ஒன்று செய்ய உட்காருகிறாள். அழுவதற்கு நேரம் ஒதுக்குகிறாள், கொஞ்ச நேரம்தான், ஏனென்றால் வேலை இருக்கிறது. நன்கொடைப் பட்டியல் கேட்கும் சாதுத்தனத்துக்கு இதில் இடமே இல்லை. ஆனால் டிக்கன்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளுடை தரித்த குழந்தைகள் வானத்திலிருந்து வந்து அவள் வலியை எடுத்துவிடுவதாக அவளுக்குக் காட்சிகளையும் கொடுத்துவிடுகிறார். டிம்மின் சாயல். அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

அதே நாவலில் சைலஸ் வெக் இருக்கிறான். மரக்கால், தெருமுனையில் பாட்டுப் புத்தகமும் இஞ்சி ரொட்டியும் விற்கும் கடை, பேராசை. வெட்டப்பட்ட தன் கால் எலும்பு, எலும்புகளைக் கோத்து விற்கும் வீனஸ் என்பவன் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை விலைக்குக் கேட்டுப் போகிறான். டிக்கன்ஸ் இதை ஹாஸ்யமாக எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. தன் உடம்பின் ஒரு பகுதிக்குத் தானே பேரம் பேசவேண்டியிருப்பவன் வில்லனாகவே இருந்தாலும் அவன் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவனைக் குப்பை வண்டியில் தூக்கிப் போடுகிறார்கள், வாசகன் கைதட்டவேண்டும். சாதுவாக இல்லாத ஊனமுற்றவனுக்கு டிக்கன்ஸ் வைத்திருந்த மற்றொரு இடம் அது.

உடம்பே சரக்காவதைத் தமிழில் கடைசிவரை கொண்டுபோனது 2003-ல் வந்த ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. அங்கே பிச்சையெடுக்க வைக்கப்படுகிறவர்களுக்குப் பெயர் உருப்படி. கணக்கு முதலாளியான பண்டாரத்தின் கையில். ஆனால் அந்த உருப்படிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கிண்டலும் சண்டையும் சோற்றுநினைப்பும் எந்தப் பண்டாரத்தின் கணக்கிலும் அடங்காதவை. நாவலின் குரூரத்தைப் பற்றிப் பேசினவர்கள் அந்தப் பேச்சுக்குக் காதுகொடுத்தது போதாது என்பது என் அபிப்பிராயம். அதைத் தனியாக எழுதவேண்டும்.

ஜென்னிக்கு டிக்கன்ஸ் கொடுத்த முடிவு எனக்குப் பிடிக்கும். தச்சுவேலை தெரிந்த ஸ்லாப்பி அவள் வீட்டுக்கு வருகிறான். ஊன்றுகோலைப் பார்க்கிறான். அது யாருடையது என்று அவள் வெடுக்கென்று சொல்கிறாள். அவன் பரிதாபப்படாமல், அதற்கு ஒரு நல்ல கைப்பிடி செதுக்கித் தரலாமே என்று தொழிலாளியின் கண்ணால் யோசிக்கிறான். 1843-ல் சின்னமாக இருந்த கோல் இங்கே மரமாகிவிட்டது. அதற்குப்பின் இருவருக்கும் என்ன ஆகும் என்று டிக்கன்ஸ் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லது.

காலின்ஸ் 1872-ல் 'புவர் மிஸ் ஃபின்ச்' எழுதினார். தலைப்பிலேயே பரிதாபம், உள்ளே வேறு. லூசில்லா கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பார்வையில்லாதவள். தாய்வழிச் சொத்து அவளிடம் இருக்கிறது, பாதிரியாரான தகப்பன்தான் அவள் பணத்தை எதிர்பார்த்து நிற்கிறார். ஒரு ஜெர்மன் வைத்தியர் அறுவை செய்து பார்வை தருகிறார். வந்த பார்வையோடு அவளுக்குத் தூரம் தெரியவில்லை. தெரிந்த பொருளை அடையாளம் காணக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்வை மறுபடி போய்விட, அவள் நிம்மதியடைகிறாள், விரும்பியவனை மணக்கிறாள். கதைப் பின்னல் அபத்தமானது: இரட்டையர், ஆள்மாறாட்டம், வலிப்புக்குச் சாப்பிட்ட வெள்ளி மருந்தால் உடம்பே நீலமாகிப்போன காதலன். இருந்தாலும் குணமாவதே சுபமுடிவு என்ற ஒப்பந்தத்தை ஒரு நாவல் மீறியிருக்கிறது.

பார்வையற்றவர்களுக்கு டிக்கன்ஸ் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். 1842-ல் பாஸ்டன் நகரப் பெர்க்கின்ஸ் பள்ளியில் கண்ணும் காதும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமியைப் பார்த்துவிட்டு எழுதினார். ஹெலன் கெல்லரின் தாய் பின்னால் அதைப் படித்துத்தான் தன் மகளுக்கும் வழி உண்டென்று தேடத் தொடங்கினாள். ஒரு பயண நூலின் சில பக்கங்களுக்கு இது பெரிய பலன். 1868-ல் 'தி ஓல்ட் க்யூரியாஸிட்டி ஷாப்' நாவலைப் புடைப்பெழுத்தில் 250 பிரதிகள் அச்சிட டிக்கன்ஸ் பணம் கொடுத்தார். அந்த எழுத்து பிரெய்ல் அல்ல. பிரெய்லின் புள்ளிமுறை 1829-லேயே வெளியாகியிருந்தது. பாஸ்டனில் பயன்பட்டது சாதாரண ரோமன் எழுத்தையே கோணங்களாக்கிப் புடைப்பாக அச்சிட்ட முறை: பார்வையுள்ள ஆசிரியருக்கும் நன்கொடையாளருக்கும் கண்ணால் படிக்க வசதியானது, விரலுக்கோ புள்ளியைவிடச் சிரமமானது. தேர்ந்தெடுத்த நாவலும் லிட்டில் நெல் சாகும் நாவல், குள்ளனான குவில்ப் அரக்கனாக வரும் நாவல். ஜென்னி ரென் அப்போது அச்சில் வந்து மூன்று வருஷமாகியிருந்தது.

கடைசியாக 'டாக்டர் மாரிகோல்ட்'. 1865 கிறிஸ்துமஸ் இதழுக்காக டிக்கன்ஸ் எழுதிய கதை. டாக்டர் என்பது அவன் பெயர். தொழில், வண்டியில் சாமான் ஏலம் போட்டு ஊர் ஊராக விற்பது. மகளைச் சாகக்கொடுத்தவன், காது கேளாத ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறான். மைல்கற்களில் உள்ள எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். இருவருக்கும் மட்டுமான சைகைகள் உண்டாகின்றன. அவளை இரண்டு வருஷம் லண்டனில் காது கேளாதோர் பள்ளியில் விடுகிறான். வாயால் பேசிப் பிழைக்கிறவனுக்கும் வாய்ப்பேச்சு இல்லாதவளுக்கும் ஒரு வண்டிக்குள் நடக்கும் குடித்தனம்: இது அன்றாடம்தான், சந்தேகமில்லை. அவள் காது கேளாத இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். அவன் சீனாவில் ஒரு வியாபார நிறுவனத்துக்குக் குமாஸ்தாவாகப் போகிறவன். காது கேளாத ஒரு குமாஸ்தாவை டிக்கன்ஸ் போகிறபோக்கில் நியமித்துவிட்டுப் போய்விடுகிறார்! அவன் மேஜையில் வேலை எப்படி நடக்கும், மேலதிகாரி உத்தரவை எழுதிக்கொடுப்பாரா, சக குமாஸ்தாக்கள் அவனுடைய விரல்பாஷையைக் கற்றார்களா — அறிய எனக்கு ஆசை. கதை சீனாவுக்குப் போவதில்லை.

கதை போவது வேறு எங்கோ. அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்குக் காது கேட்குமா என்ற ஒரே கவலையோடு மாரிகோல்ட் வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் வண்டியின் படியேறி வந்த குழந்தை அவனைத் தாத்தா என்று வாய்விட்டுக் கூப்பிடுகிறது. பிறகு அவள் தாயிடம் திரும்பிச் சைகையில் சுறுசுறுப்பாகப் பேசத் தொடங்குகிறாள், மாரிகோல்ட் முன்பு அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்த அதே சைகைகள். அதைப் பார்க்கும் கிழவன் கண்ணில் ஆனந்தமும் பரிதாபமும் கலந்த நீர்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். குழந்தை கைகளால் பேசுகிறது, தாய் கண்களால் கேட்கிறாள், பதில் சொல்கிறாள். அவர்களுக்கு நடுவே எதுவும் குறையவில்லை. பரிதாபம் படவேண்டிய ஆள் அந்த வண்டிக்குள் யாரும் இல்லை. அது கிழவனிடமிருந்து வருகிறது, அவனுக்குப் பின்னால் நின்று எழுதுகிறவனிடமிருந்து, கிறிஸ்துமஸ் இதழைக் கையில் வைத்திருப்பவனிடமிருந்து. கிட்டோ தன் குழந்தைகளின் குரலைப் பற்றிச் சொன்னபோது அந்த இழப்பைச் சொல்ல அவர் இருந்தார். சோஃபிக்கு — அந்தப் பெண்ணின் பெயர் சோஃபி — அந்த இரவில் என்ன தோன்றியது என்று கதை கேட்கவில்லை. அவள் கைகள் அப்போது குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தன.